ஆய்வுக் களத்திலிருந்து சுற்றுலாப் பாதைக்கு: காட்டுயிர் உயிரியலாளர் பறவை வழிகாட்டி ஆவது எப்படி?

பறவைச் சுற்றுலா விளம்பரங்களில் ‘காட்டுயிர் உயிரியலாளர் உடன் வருகிறார்’ என்ற வரி இப்போது அடிக்கடி தென்படுகிறது. பணம் கட்டிப் போகிறவருக்கு, பட்டம் பெற்றவர் வந்தால் கூடுதலாகப் பறவை பார்க்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது. காட்டுயிர் படிக்கும் மாணவருக்கும் அவரைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் வேறொரு கேள்வி: முனைவர் பட்டம் வரை போய்விட்டு ஏன் ‘கைடு’ வேலைக்கு வருகிறார்கள்?

ஆய்வும் வழிகாட்டலும் ஒரே பறவையைச் சுற்றி நடக்கும் வெவ்வேறு தொழில்கள். இதைப் பிடித்துக்கொண்டால் இரண்டு கேள்விகளும் பாதி தெளிந்துவிடும். முதல் தொழிலில் கற்றதில் ஒரு பங்கு இரண்டாவதற்கு அப்படியே கைகொடுக்கும், ஒரு பங்கு இடைஞ்சல் செய்யும், மீதியைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். எது எந்தப் பங்கில் சேரும் என்பதை, பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை வைத்துப் பார்க்கலாம்.

## யார் யார்?

விளம்பரங்களில் கலந்து புழங்கும் நான்கு பெயர்களை முதலில் பிரித்துக்கொள்வோம்.

1. பறவை நோக்கர்: விருப்பத்துக்காகப் பறவை பார்ப்பவர். பட்டம் தேவையில்லை. இந்தியாவின் மிகத் தேர்ந்த காதுகளில் பல இவர்களிடம்தான் இருக்கின்றன.

2. காட்டுயிர் உயிரியலாளர்: ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, முறைப்படி தரவு சேர்த்து, விடை தேடுபவர். அந்தக் கேள்வி யானையைப் பற்றியதாகவும் இருக்கலாம், தவளையைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஆகவே உயிரியலாளர் என்பதாலேயே ஒருவருக்குப் பறவை தெரியும் என்று கொள்ள முடியாது.

3. இயற்கை விளக்குநர்: ஒரு விடுதியோடு இணைந்து, அங்கு வரும் விருந்தினருக்குக் காட்டைச் சுற்றிக் காட்டுபவர். புலி, யானை, மரம், வண்ணத்துப்பூச்சி என எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பேச வேண்டியவர்.

4. தொழில்முறைப் பறவை வழிகாட்டி: பறவைக்காகவே பயணம் செய்பவர்களைப் பல இடங்களுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் கேட்ட இனங்களைக் காட்டுவதற்காகக் கூலி வாங்குபவர். இந்தக் கட்டுரை இவரைப் பற்றியது.

## படிப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது?

தமிழ்நாட்டில் காட்டுயிர் உயிரியலில் முதுகலை படிக்க நினைப்பவர்கள் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியையோ, உதகை அரசு கலைக் கல்லூரியையோ நாடுவது வழக்கம். வெளியே சென்றால், 1982இல் தொடங்கிய டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும், பெங்களூரு தேசிய உயிரி அறிவியல் மையம் நடத்தும் முதுகலைப் படிப்பும் இருக்கின்றன. பறவை ஆய்வுக்கென்றே கோவை ஆனைக்கட்டியில் 1990இல் சாலிம் அலி மையம் தொடங்கப்பட்டது. அது இப்போது டேராடூன் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. எங்கே படித்தாலும் கல்வியின் மையம் ஒன்றுதான்: வாழிடத்தை அளப்பது, விலங்குகளைக் கணக்கெடுப்பது, புள்ளியியல் கொண்டு தரவிலிருந்து முடிவுக்கு வருவது.

படிப்பு முடிந்ததும் கிடைப்பவை பெரும்பாலும் திட்ட வேலைகள். ஓர் அணை, ஒரு புலிகள் காப்பகம், ஒரு காற்றாலைத் தொகுதி என ஏதோ ஒன்றுக்கு நிதி வரும். நிதி தீர்ந்ததும் வேலையும் தீரும். முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை உண்டு. மத்திய அரசு 2023இல் உயர்த்திய விகிதப்படி இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய், இவற்றோடு வீட்டு வாடகைப்படி. கேட்க மோசமில்லை. ஆனால் அதற்குக் கால வரம்பு இருக்கிறது, பணம் மாதந்தோறும் ஒழுங்காக வந்து சேரும் என்ற உறுதியும் இல்லை. அதற்குப் பிறகான நிரந்தரப் பணியிடங்கள் நாடு முழுவதும் சேர்த்தே மிகக் குறைவு. முப்பது வயதைத் தாண்டிய ஒருவர், இன்னொரு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் இன்னொரு மாநிலத்துக்குப் பெட்டி கட்டுவதா, கையில் இருக்கும் கள அறிவை நேரடியாக விற்பதா என்று யோசிக்கும் இடம் இதுதான்.

ஆக, ஆய்வாளர் வழிகாட்டியாவதை வீழ்ச்சி என்று பார்ப்பது தவறு. ‘கனவைத் துரத்திப் போனார்’ என்று எழுதப்படும் பேட்டிகளும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. களத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையும், களத்தில் இருப்பதற்குச் சம்பளம் தரும் வேலைகள் குறைவு என்ற நிலையும் சேர்ந்துதான் இந்த முடிவை உருவாக்குகின்றன. இதில் புதுமையும் இல்லை. விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்று, கொலம்பியப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்கரான ஸ்டீவன் ஹில்ட்டி, பல பத்தாண்டுகள் சுற்றுலாக் குழுக்களை வழிநடத்தியவர்.

## ஒரே பறவை, இரண்டு வேலைகள்

ஆய்வாளர் ஒரு காட்டில் கோட்டுப் பாதை, அதாவது நேர்கோட்டில் நடந்து பறவைகளை எண்ணுவதற்கான தடம், அமைத்து நடக்கிறார். பாதை எங்கே செல்ல வேண்டும் என்பதை வரைபடமும் சீட்டுக் குலுக்கலும் தீர்மானிக்கின்றன. பறவை மிகுந்த இடம் பக்கத்திலேயே இருந்தாலும் அங்கே திரும்பக் கூடாது, திரும்பினால் கணக்கு கெட்டுவிடும். நடக்கும்போது பேசக் கூடாது. ஒரு பறவை சரியாகத் தெரியாவிட்டால் ‘அடையாளம் காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டு நகர வேண்டும். எதுவும் தென்படாத காலைப் பொழுதும் அவருக்குத் தரவுதான். சுழியம் என்று நிரப்புவார்.

வழிகாட்டிக்குச் சுழியம் என்பது விருந்தினரின் வாடிய முகம். அவர் பறவை இருக்கும் இடத்துக்கே போக வேண்டும், பார்த்தே ஆக வேண்டும், தான் பார்த்தால் மட்டும் போதாது. வயதான ஒருவர், இருநோக்கியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத ஒருவர், கேமராவை இறக்காத ஒருவர் என ஆறு பேருக்கும் அந்தப் பறவை இலைமறைவிலிருந்து வெளிவரும் நான்கு விநாடிக்குள் இடத்தைச் சொல்ல வேண்டும். ‘அந்த மரத்தில்’ என்றால் காட்டில் எந்த மரம்? ‘இரண்டாகக் கிளைக்கும் வெளுத்த தண்டு, இடக்கிளை, பாதி உயரத்தில் காய்ந்த இலைக்கொத்து, அதற்கு ஒரு முழம் மேலே’ என்று தடுமாறாமல் சொல்வது ஒரு தனித் திறன். எந்த முதுகலைப் பாடத்திட்டத்திலும் அது இல்லை.

## படிப்பு கைகொடுக்கும் இடம்: ஒரு கணவாய் தீர்மானிக்கும் பயணத் திட்டம்

வெளிநாட்டிலிருந்து வரும் பறவை நோக்கர் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு வருகிறார். தென்னிந்தியாவுக்கு வருபவரின் பட்டியலில் மேலே இருப்பவை ஓரிடவாழ்விகள், அதாவது உலகில் வேறெங்கும் காணப்படாதவை. எந்த உயிரினம் எங்கே, ஏன் வாழ்கிறது என்று ஆராயும் உயிர்ப்புவியியலைப் படித்தவரின் பலம் இங்கேதான் தெரிகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியானது என்று பெயர் சொன்னாலும், நடுவில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு அதை அறுத்துவிடுகிறது. தெற்கே செங்கோட்டைப் பகுதியில் அச்சன்கோவில் கணவாய் இன்னொரு வெட்டு. உயரமான மலைமுகடுகளில், சோலைக்காட்டின் குளிரில் மட்டும் வாழும் சிறு பறவைக்கு இந்தத் தாழ்ந்த, வெப்பமான இடைவெளிகள் கடலைப் போன்றவை. பல இலட்சம் ஆண்டுகள் பிரிந்து கிடந்ததில் கணவாயின் இருபுறமும் வெவ்வேறு இனங்கள் உருவாகிவிட்டன. மரபணு ஆய்வுகள் வழியே 2017இல் இவற்றில் சிலவற்றுக்குத் தனிப் பேரினங்களே வகுக்கப்பட்டன.

விளைவு என்ன? சிரிப்பான் வகைப் பறவைகளை எடுத்துக்கொள்வோம்.

1. பாணாசுரச் சிரிப்பான்: வயநாட்டையும் அதை ஒட்டிய உயர்ந்த முகடுகளையும் தாண்டிக் கிடைக்காது.

2. நீலகிரிச் சிரிப்பான்: பெயருக்கேற்ப நீலகிரி. உதகையில் சாலையோரப் புதரிலேயே பார்க்கலாம்.

3. பழனிச் சிரிப்பான்: பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலை, மூணாறு, கொடைக்கானல்.

4. அசம்புச் சிரிப்பான்: அச்சன்கோவில் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பகுதி.

நான்கையும் கேட்பவரை நான்கு மலைகளுக்கு அழைத்துச் சென்றாக வேண்டும். உதகையில் எத்தனை நாள் தங்கினாலும் பழனிச் சிரிப்பான் வராது. சோலைக்கிளிகளுக்கும் (பெயரில்தான் கிளி; இவை சோலைக்காட்டுச் சிறு பறவைகள்) இதே கதைதான்: வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி. தென்னிந்தியப் பறவைச் சுற்றுலாக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வழித்தடத்தில் ஓடுவது ஏன் என்று வியப்பவர்களுக்கு விடை இந்தக் கணவாய்களில் இருக்கிறது.

இதோடு நாட்காட்டியும் சேரும். மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடு குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி மூடப்படும். புல்வெளியில் மட்டும் வாழும் நீலகிரி நெட்டைக்காலியை அங்கே காட்டலாம் என்று திட்டமிட்டவர் அந்த மாதங்களில் கதவைத்தான் பார்க்க வேண்டும். வலசை வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதியிலும் இருக்கும், கோடையில் இருக்காது. நீலகிரிப் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை மரத் தோப்பாகவும் தைலமரத் தோப்பாகவும் மாறிவிட்டதால், பழைய பதிவுகளில் உள்ள இடங்களுக்குப் போனால் மரம்தான் நிற்கும், பறவை இருக்காது. எந்த இடம் இன்னும் புல்வெளியாக எஞ்சியிருக்கிறது என்று தெரிந்தவர்தான் விருந்தினரின் அரை நாளைக் காப்பாற்றுகிறார்.

பறவையின் நடத்தை பற்றிய அறிவும் இப்படித்தான் பயன்படுகிறது. மழைக்காட்டில் ஒரு மணி நேரம் ஒன்றுமே அசையாது. திடீரென்று பத்துப் பதினைந்து இனங்கள் சேர்ந்து இரைதேடிக்கொண்டு கடந்து போகும். இத்தகைய பல்லினக் கூட்டங்களைப் பற்றி இலங்கையின் சிங்கராஜ வனத்தில் நீண்ட காலமாக ஆய்வு நடந்திருக்கிறது. சில இனங்கள் கூட்டத்தின் கருவாக இருக்கும், மற்றவை அவற்றைத் தொடரும். கருவாக இருக்கும் இனத்தின் குரலைக் கேட்ட திசையில் நகரத் தெரிந்தவருக்கு, அந்த ஐந்து நிமிடத்தில் காலை முழுவதற்குமான பறவைகள் கிடைத்துவிடும். அதேபோல் பழுத்த அத்தி மரத்தைக் கண்டால் இருவாச்சிக்காகக் காத்திருக்கலாம்.

## படிப்பு இடறும் இடங்கள்

1. ஆழம் இருக்கும், அகலம் இருக்காது. ஐந்தாறு ஆண்டுகள் ஓர் இருவாச்சி இனத்தை ஆய்ந்தவருக்கு அதன் உணவு, கூடு, குஞ்சு பற்றி எல்லாம் தெரியும். ஆனால் கடற்கரை உள்ளான்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கவோ, இலைக்கதிர்க்குருவிகளைக் குரலால் அறியவோ அவருக்குப் பயிற்சி இல்லாமலிருக்கலாம். இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. வழிகாட்டிக்கு அவற்றில் சில நூறாவது காதளவில் தெரிந்திருக்க வேண்டும்.

2. காது. வெப்பமண்டலக் காட்டில் பறவையைக் காண்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும். இந்தத் திறனில் இன்றளவும் அளவுகோலாகச் சொல்லப்படுபவர் அமெரிக்கரான டெட் பார்க்கர். நான்காயிரம் அளவிலான இனங்களைக் குரலால் அறிந்தவர் என்று பெயர் பெற்றவர்; சுற்றுலாக் குழுக்களை வழிநடத்தியபடியே தென்னமெரிக்கக் காடுகளில் விரைவு மதிப்பீட்டு ஆய்வுகளையும் செய்தார். 1993இல் எக்குவடோரில் ஆய்வுப் பணியின்போது விமான விபத்தில் இறந்தார். அவரிடம் முனைவர் பட்டம் இருக்கவில்லை.

3. பேச்சு. கருத்தரங்கில் இருபது நிமிடம் பேசும் பழக்கம் உள்ளவர் காட்டிலும் அப்படியே பேசிவிடுகிறார். பறவை போன பிறகும் வகைப்பாட்டியல் விளக்கம் தொடர்கிறது. விருந்தினர் கேட்பது பெரும்பாலும் இரண்டு வாக்கியம்.

4. மனிதர்கள். யாருக்கு முழங்கால் வலி, யாருக்குச் சர்க்கரை, கழிப்பறை வசதி எத்தனை மணிக்கு ஒருமுறை வேண்டும், முன்னால் நின்றே படமெடுப்பவரை எப்படி நாசூக்காகப் பின்னுக்கு நகர்த்துவது, காலை நான்கரைக்குத் தேநீர் தர விடுதிச் சமையற்காரரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? வேலையின் பாதி இதுதான். ஆய்வாளர் தனியே நடந்து பழகியவர். பலர் இந்தத் தொழிலை இரண்டே பருவத்தில் விட்டுவிடுவதற்குப் பறவையைவிட மனிதர்கள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் இடறல் என்று நினைத்து உதறிவிடக் கூடாது: ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் பழக்கம். விருந்தினரைத் திருப்திப்படுத்த, பாதி பார்த்த பறவைக்கு அரிய பெயர் சூட்டிவிடும் வழிகாட்டிகள் உண்டு. ஆய்வுப் பயிற்சி பெற்றவருக்கு அது நாக்கில் வராது. நெடுநாளில் இதுவே அவருக்குப் பெயர் வாங்கித் தரும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் நல்ல இருநோக்கி, முக்காலியோடு ஸ்பாட்டிங் ஸ்கோப், முதலுதவிப் பெட்டியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் இருந்தால் போதும்.

## அனுமதி: ஆய்வாளருக்குத் திறந்த கதவு வழிகாட்டிக்குத் திறக்காது

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய எந்தெந்தக் காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று வரிசைப்படுத்துகிறது. அறிவியல் ஆய்வு ஒன்று, சுற்றுலா மற்றொன்று. இரண்டும் தனித்தனி நோக்கங்கள். ஆய்வு அனுமதியோடு விடியுமுன் காட்டுக்குள் நடந்த ஒருவர், வழிகாட்டியான பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு, வாயில் திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்து, பல காப்பகங்களில் வனத்துறை ஊழியரின் துணையோடும் வாகனத்திலும் மட்டுமே போக முடியும். இரவு ஆந்தை தேடல் பெரும்பாலும் காப்பக எல்லைக்கு வெளியே, தேயிலைத் தோட்டங்களிலும் தனியார் நிலங்களிலும்தான். இதனால் தொழிலே சரணாலயங்களின் ஓரங்களை நம்பி நடக்கிறது.

அனுமதி விதிகள் ஒரே நாளில் மாறவும் கூடும். 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை இடைக்காலமாக நிறுத்தியது. புதிய நெறிமுறைகள் வந்த பிறகு அக்டோபரில் தடை விலகியது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஆய்வு அனுமதியின் பேரில், பொதுப் பணத்தில் சேர்த்த தகவல் யாருக்குச் சொந்தம்? இருவாச்சிக் கூடு எந்த மரத்தில், ஆந்தை எந்தப் பாறையிடுக்கில் என்பதெல்லாம் அந்த ஆய்வாளரின் நினைவில் இருக்கிறது. அதே இடங்களுக்குப் பின்னாளில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போனால் நம்பிக்கைத் துரோகம் என்றே நான் சொல்வேன். சட்டம் இதைத் தெளிவாகப் பேசுவதில்லை. மனச்சாட்சியுள்ளவர்கள் தங்கள் பழைய ஆய்வுக் களத்திலிருந்து விலகி நின்று தொழில் செய்கிறார்கள்.

உரிமத்தின் நிலை இன்னும் தளர்வானது. தென்னாப்பிரிக்காவில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்யச் சட்டப்படிப் பதிவு கட்டாயம். இலங்கையில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது. இந்தியாவில் பறவை வழிகாட்டிக்கென்று கட்டாயத் தனி உரிமம் கிடையாது. காப்பகங்கள் தத்தம் அளவில் வழிகாட்டிகளைப் பதிவு செய்துகொள்கின்றன. ஆகவே அட்டை அச்சடித்த எவரும் தொழில்முறை வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். ‘உயிரியலாளர்’ என்ற அடைமொழிக்கு விளம்பர மதிப்பு கூடியதற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம்.

## குரல் ஒலிபரப்பும் கூடும்

பறவையை வெளியே வரவழைக்க அதன் இனத்தின் குரலையே சிறு ஒலிபெருக்கியில் ஒலிக்க விடுவது ‘பிளேபேக்’. எல்லை காக்கும் ஆண் பறவை, அந்நியன் ஒருவன் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டதாக எண்ணி ஓடிவருகிறது. இரை தேடலை நிறுத்துகிறது, மறைவிலிருந்து வெளிவருகிறது, இல்லாத எதிரியோடு மல்லுக்கு நிற்கிறது. ஆய்வாளர்களும் கணக்கெடுப்பில் இதே உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எத்தனை விநாடி, எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கும்.

சுற்றுலாவில் அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. மேலே சொன்னபடி எல்லாக் குழுக்களும் ஒரே வழித்தடத்தில் போகின்றன. உதகையில் சாலைக்கு அருகே, எளிதில் எட்டக்கூடிய சோலைத் துண்டு ஒன்றில் இரண்டு மூன்று இணைச் சோலைக்கிளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு குழுவும் வந்து அதே இணைக்குத்தான் குரலை ஒலிக்கிறது. ஒரு வழிகாட்டி தன்னளவில் கட்டுப்பாட்டோடு இருந்தாலும் பறவைக்கு அது நாளின் நான்காவது ‘எதிரி’. இதைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தவராக உயிரியலாளர் இருக்க வேண்டும். தெரிந்திருந்தும், விருந்தினர் விமானமேறும் நாள் நெருங்கும்போது கை ஒலிபெருக்கியை நோக்கிப் போவது இந்தத் தொழிலின் நிரந்தரச் சோதனை.

கூட்டைப் பொறுத்தவரை சட்டமே கடுமையானது. காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது, 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப்படி ‘வேட்டை’க்குள் அடங்கும். பெரும் இருவாச்சியை நினைத்துப் பாருங்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கிறது. சிறு பிளவு வழியாக ஆண் கொண்டுவரும் பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் உணவு. கீழே பத்துப் பேர் கேமராவோடு நின்றால் ஆண் இறங்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவை காத்திருக்கும். கேரளத்தின் தட்டேக்காடு போன்ற இடங்களில் புகழ்பெற்ற தவளைவாயன் என்ற இரவுப் பறவை பகலில் இணையாகக் கிளையில் அசையாமல் அமர்ந்திருப்பதால், ‘தொந்தரவே இல்லை, பாருங்கள்’ என்று அருகே போய்விடுகிறார்கள். அசையாமல் இருப்பது அதன் தற்காப்பு. அது நம் வருகையை ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதில் ஆதாரம் ஏதுமில்லை.

## வருமானம்

நாள் கூலி, விருந்தினர் தரும் அன்பளிப்பு, முழுப் பயணத்தையும் தானே ஏற்பாடு செய்தால் அதில் ஓர் இலாபம்: வழிகள் இவைதான். வெளிநாட்டு நிறுவனத்தின் குழுவுக்கு உள்ளூர்த் துணையாகச் சென்றால் அலைச்சல் குறைவு, பங்கும் குறைவு. தென்னிந்தியாவில் பருவம் ஏறக்குறைய நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஐந்து மாத வரவில் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும். மழைக்கால மாதங்களில் சிலர் இமயமலைப் பக்கம் போகிறார்கள், சிலர் சூழல் தாக்க ஆய்வுகளுக்குப் பறவைக் கணக்கெடுத்துத் தருகிறார்கள், சிலர் பள்ளிகளில் பயிற்சி நடத்துகிறார்கள். உயிரியலாளருக்கு இங்கே மற்ற வழிகாட்டிகளைவிட ஒரு வாசல் அதிகம்.

2020 மார்ச்சில் இந்தியா சுற்றுலா விசாக்களை நிறுத்தியபோது வெளிநாட்டு விருந்தினரை மட்டும் நம்பியவர்கள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் வெறுங்கையோடு இருந்தார்கள். அதன்பின் உள்நாட்டு விருந்தினர் பக்கம் பலர் திரும்பியது இயல்பு. உள்நாட்டு விருந்தினரில் படமெடுப்பவர்கள் அதிகம். அவர்களுக்கு இனங்களின் எண்ணிக்கையைவிடப் படத்தின் தரம் முக்கியம், ஆகவே ஒரே இடத்தில் மணிக்கணக்காக அமர வேண்டும். வேலையின் தன்மையே இதனால் மாறுகிறது.

கைப்பேசிச் செயலிகள் இந்த வேலையைப் பறித்துவிடுமா என்றும் கேட்கிறார்கள். கார்னெல் பறவையியல் கூடத்தின் மெர்லின் செயலி 2021 முதல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. சுற்றிலும் இரைச்சலில்லாத இடத்தில் நன்றாகவே சொல்கிறது. மற்றப் பறவைகளின் குரலை அப்படியே நகலெடுக்கும் துடுப்புவால் கரிச்சானிடம் மாட்டிக்கொண்டால் அதன் பாடு திண்டாட்டம். எப்படியானாலும் செயலி பெயரைத்தான் சொல்லும்; விடியற்காலை எந்தத் திருப்பத்தில் வண்டியை நிறுத்த வேண்டும் என்று சொல்லாது. பெயர் சொல்வதை மட்டுமே நம்பிய வழிகாட்டிகளுக்கு நெருக்கடி உண்மைதான்.

## உள்ளூர்க்காரர் எங்கே?

1986இல் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஜெர்டான் கல்குருவி மீண்டும் கிடைத்தது. தேடலை நடத்தியவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் பாரத் பூஷண். பறவையை இரவில் கையில் பிடித்துக் கொண்டுவந்தவர் ஐத்தண்ணா என்ற உள்ளூர்க்காரர். ஆய்வும் வட்டார அறிவும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பரத்பூரில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்கள் பறவை காட்டுவதில் தேர்ந்தவர்கள். சிலிகா ஏரிக்கரையின் மங்களாஜோடியில் முன்பு பறவை வேட்டையாடியவர்களே இன்று படகோட்டி வழிகாட்டுகிறார்கள். அருணாசலத்தின் ஈகிள்நெஸ்ட் பகுதியில் வானியற்பியலாளரான ரமணா ஆத்ரேயா 2006இல் புகுன் லியோசிக்லா என்ற புதிய இனத்தை விவரித்தார். மாதிரிக்காகப் பறவையைக் கொல்லாமல், உதிர்ந்த இறகுகளையும் படங்களையும் குரலையும் கொண்டே அதைச் செய்தார். அந்தப் பகுதியின் சுற்றுலா புகுன் மக்களின் பங்கேற்போடு வளர்ந்தது.

இந்த வரிசையில் நகரத்திலிருந்து வரும் பட்டதாரி எங்கே நிற்கிறார் என்பது சங்கடமான கேள்வி. ஆங்கிலமும் இணையதளமும் அடைமொழியும் அவரிடம் இருக்கின்றன, விருந்தினர் அவரிடம் போகிறார். தவளைவாயன் இன்று எந்தக் கிளையில் அமர்ந்திருக்கிறது என்று அதிகாலையில் போய்ப் பார்த்துவைப்பவர் உள்ளூர்க்காரர். அவருக்குக் கிடைப்பது கூலியில் சிறு துண்டு. விளம்பரத்தில் அவர் பெயர் வருவதில்லை. பட்டதாரி உள்ளூர்க்காரருக்கு வகைப்பாட்டையும் ஆங்கிலப் பெயர்களையும் கற்றுத் தந்து தனித்து நிற்க வைத்த இடங்களும் உண்டு. எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை, ஏனென்றால் அப்படிச் செய்பவர் தன் போட்டியாளரைத் தானே உருவாக்குகிறார்.

## அறிவியலுக்குத் திரும்பி வருவது

வழிகாட்டலுக்குப் போனவர் அறிவியலை விட்டுவிட்டார் என்பதும் சரியில்லை. இலங்கையில் பறவைச் சுற்றுலா வழிநடத்தும் தீபால் வரக்காகொட, 1995இல் கித்துல்கல காட்டில் பழக்கமில்லாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். 2001 ஜனவரியில் சிங்கராஜ வனத்தில் பறவையையே பார்த்தார். 2004இல் அது செரண்டிப் ஆந்தை என்ற புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அமேசான் காடுகளிலிருந்து 2013இல் ஒரே தொகுதியாக 15 புதிய இனங்கள் வெளியிடப்பட்டபோது, அதில் முதன்மைப் பங்காற்றிய பிரெட் விட்னி ஒரு பறவைச் சுற்றுலா நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். ஆண்டுதோறும் அதே காட்டுக்குப் போய், அதே குரல்களைக் கேட்பவருக்குத்தான் புதிய குரல் உறைக்கும்.

அன்றாட அளவிலும் பங்களிப்பு உண்டு. 942 இனங்களை மதிப்பிட்ட 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள், பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் இட்ட பதிவுகளைக் கொண்டே எழுதப்பட்டது. அத்தகைய பதிவில் முக்கியமானது ‘முழுப் பட்டியல்’. காகம், மைனா உட்பட அந்த நேரத்தில் கண்ட, கேட்ட எல்லாவற்றையும் எழுதினால்தான், எழுதப்படாத பறவை அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர் கொள்ள முடியும். அரிய பறவையை மட்டும் பதியும் வழிகாட்டி, படத்துக்கு உதவுவார், தரவுக்கு உதவமாட்டார்.

## பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. எந்த உயிரினத்தில் ஆய்வு செய்தீர்கள்? இந்த மலைப்பகுதியில் எத்தனை பருவம் வழிநடத்தியிருக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கான விடைதான் அதிகம் சொல்லும்.

2. குரல் ஒலிபரப்பை எப்போது பயன்படுத்துவீர்கள், எப்போது மறுப்பீர்கள்? ‘பயன்படுத்தவே மாட்டேன்’ என்பவரையும் ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்பவரையும் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். நிதானமாக நிபந்தனைகளைச் சொல்பவரே யோசித்தவர்.

3. கூட்டைப் படமெடுக்க அழைத்துப் போவீர்களா? ‘ஆம்’ என்றால் பயணத்தை விட்டுவிடலாம்.

4. காட்டில் யானை எதிர்ப்பட்டால், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஏற்பாடு? அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதை யோசிக்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

5. அந்தந்த ஊரில் உடன் வருபவர் யார், அவருக்கு நாளொன்றுக்கு என்ன தருகிறீர்கள்? இதைக் கேட்பது நாகரிகமில்லை என்று தோன்றலாம். கேட்கலாம், நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் தொகையைச் சொல்லிவிடுவார்கள்.